மணலும் ஓலையும் குன்றின்மேல் ஒரு மணிக்கூடும்

ஜனவரி முதல் தேதி டைரி வாங்குகிற வழக்கம் உங்கள் வீட்டிலும் உண்டுதானே? முதல் வாரம் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். "இன்று காலை 5 மணிக்கு எழுந்தேன்" என்று பெருமையாக ஒரு வரி. பொங்கல் வரை தாக்குப் பிடிக்கும். மார்ச்சில் பார்த்தால் அதே டைரியில் பால் கணக்கும் பிளம்பர் நம்பரும் இருக்கும். இப்போது டைரி போய் செல்போனில் செயலி வந்திருக்கிறது. தினமும் மணியடித்து ஞாபகப்படுத்துகிறது, நாமும் தினமும் அதன் வாயை அடைக்கிறோம். கருவி மாறியதே தவிர மார்ச் மாதம் மாறவில்லை.

எனக்கு இது வெறும் வேடிக்கையாக இல்லை. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். அதற்கு முன் எங்கள் ஊர்க் கதை கொஞ்சம். சரித்திரம் என்றதும் ஓடிவிடாதீர்கள், ராஜா ராணி பட்டியலெல்லாம் கிடையாது. ஒரு பழக்கத்தை விடாமல் செய்ய அந்தக் காலத்து ஆட்கள் எதையெல்லாம் கையில் வைத்திருந்தார்கள் என்பதுதான் விஷயம்.

எங்கள் ஊர் திருவனந்தபுரம். இதைச் சொன்னால் தமிழ்நாட்டுக்காரர்கள் "அப்ப நீங்க மலையாளியா?" என்பார்கள். ஊரில் மலையாளிகள் "தமிழனா?" என்பார்கள். அமெரிக்கா வந்த பிறகு இரண்டு தரப்பும் ஒரே குரலில் "எந்த ஊர் தமிழ் சார் இது?" என்கிறார்கள். சாலைத் தெருவிலும் கரமனைப் பக்கமும் தலைமுறை தலைமுறையாகத் தமிழ் பேசும் குடும்பங்கள் உண்டு. எங்களுடையது நாகர்கோவில் பக்கமிருந்து போனது. பள்ளிக்கூடம் ஒரு மொழி, தெரு ஒரு மொழி, வீடு ஒரு மொழி என்று வளர்ந்தவர்கள் நாங்கள். உங்கள் குழந்தைகள் இப்போது எப்படி வளர்கிறார்களோ, அப்படி.

மணல்

திருவிதாங்கூரில் அரசாங்கப் பள்ளிக்கூடங்கள் பரவுவதற்கு முன்பு எழுத்துச் சொல்லிக் கொடுத்தவர்கள் ஆசான்கள். நிலத்தெழுத்து ஆசான் என்று பெயர். தமிழ்நாட்டுத் திண்ணைப் பள்ளிக்கூட வாத்தியாருக்கு ஒன்றுவிட்ட சகோதரர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து முன்னால் மணலைப் பரப்பி, எழுத்தின் பெயரை உரக்கச் சொல்லிக்கொண்டே விரலால் எழுதுவார்கள். பிறகு கையால் ஒரு வழி வழித்து மறுபடி எழுதுவார்கள்.

இந்த மணலைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். காசு கிடையாது, தீர்ந்து போகாது. வாய் சொல்வதைக் காது கேட்கிறது, விரல் உரசி உணர்கிறது, கண் பார்க்கிறது. எல்லாவற்றையும் விட முக்கியமானது, அது எதையும் ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை. நேற்று 'ழ'வை நாற்பது தடவை கோணலாக எழுதிய பையனுக்கும் ஒரே தடவையில் எழுதிய பையனுக்கும் இன்று காலை ஒரே மாதிரி சுத்தமான மணல்தான்.

எழுத்து கையில் படிந்த பிறகுதான் ஓலை. ஓலை என்றால் செலவு, உழைப்பு. பதப்படுத்த வேண்டும், எழுத்தாணியை அளவாக அழுத்த வேண்டும், கொஞ்சம் அதிகமானால் கிழிந்துவிடும். கீறிய எழுத்து கண்ணுக்குத் தெரிய மை தடவ வேண்டும். கீறியதை இல்லாமல் ஆக்க முடியாது. ஆகவே தடுமாறுவதெல்லாம் மணலில், நிலைத்து நிற்க வேண்டியது ஓலையில் என்று ஒரு வரிசை இருந்தது. இந்த வரிசையில்தான் விஷயமே இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். பழகுகிற கருவி மறக்க வேண்டும். கணக்கு வைக்கிற கருவி மறக்கக் கூடாது. இரண்டையும் ஒன்றாக்கினால் ஆள் பயந்து ஓடிவிடுவான்.

மணலின் அருமையை வெள்ளைக்காரர் ஒருவர் புரிந்துகொண்ட கதை சுவாரசியமானது. ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் 1787இல் சென்னை வந்தார். 1789இல் இருந்து எழும்பூரில் ராணுவத்தாரின் ஆண் பிள்ளைகளுக்கான அனாதைப் பள்ளியைப் பார்த்துக்கொண்டார். ஒருநாள் குதிரையில் போகும்போது உள்ளூர்ப் பள்ளிக்கூடம் ஒன்றில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைப் பார்த்திருக்கிறார். தன் பள்ளிக்குப் போய் இதைச் செய்யச் சொன்னால் அங்கிருந்த ஆசிரியர்கள் மசியவில்லை. பெரியவர்கள் கேட்காவிட்டால் என்ன என்று ஜான் ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயதுப் பையனிடம் சின்னப் பிள்ளைகளை ஒப்படைத்தார். வேலை நடந்துவிட்டது! 1797இல் லண்டனில் இதைப் புத்தகமாகப் போட்டார். 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் மணல் தட்டும், பிள்ளைக்குப் பிள்ளையே பாடம் சொல்வதும் இங்கிலாந்துப் பள்ளிகளுக்குப் போயின. ஸ்காட்லாந்தில் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் 1833இல் அவர் விட்டுச்சென்ற பணத்தில் தொடங்கிய பள்ளிக்கு இன்றும் 'மெட்ராஸ் காலேஜ்' என்றுதான் பெயர். அடுத்த முறை அந்தப் பக்கம் கோல்ஃப் பார்க்கப் போனால் வாசலில் நின்று ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

மணல் மட்டும் இருந்தால் போதுமா? பிள்ளை தினமும் வர வேண்டுமே. அதற்கும் ஒரு ஏற்பாடு இருந்தது. சென்னை கவர்னர் தாமஸ் மன்றோ 1822இல் மாகாணம் முழுவதும் பள்ளிக்கூடக் கணக்குக் கேட்டார். பெல்லாரி கலெக்டர் கேம்பெல் 1823இல் அனுப்பிய பதிலில் ஒரு வழக்கத்தை விவரித்திருக்கிறார். காலையில் முதலில் வரும் பையனின் உள்ளங்கையில் மரியாதைக்கு அடையாளமாகச் சரஸ்வதியின் பெயரை எழுதுவார்களாம். இரண்டாவதாக வருபவன் கையில் ஒரு பூஜ்யம். புகழவும் வேண்டாம் திட்டவும் வேண்டாம் என்று அர்த்தம். மூன்றாவது பையனுக்கு மெதுவாக ஒரு அடி, நான்காவதுக்கு இரண்டு, இப்படியே ஏறிக்கொண்டு போகும். அடியை நான் ஆதரிக்கவில்லை. ஆனால் கவனியுங்கள், எழுதத் தெரியாததற்கு இந்த அடி இல்லை, நேரத்துக்கு வராததற்குத்தான். எழுத்தில் தடுமாறினால் மணல் மன்னித்துவிடும். வராமல் இருந்தால் மட்டும் அன்றே ஒருவர் கவனிப்பார்.

சட்டாம்பிள்ளை

அப்படிக் கவனிக்கிற ஆளுக்குத் தமிழில் சட்டாம்பிள்ளை என்று பெயர். பிள்ளைகளில் மூத்தவன், ஆசான் இல்லாதபோது பள்ளிக்கூடத்தைப் பார்த்துக்கொள்பவன். நம் பேச்சில் அது கேலி வார்த்தை ஆகிவிட்டது. "பெரிய சட்டாம்பிள்ளை மாதிரி பேசாதே" என்போம். ஆனால் எங்கள் ஊரில் அந்தப் பெயரோடு ஒரு ஞானி இருந்தார்.

சட்டம்பி சுவாமிகள் 1853இல் திருவனந்தபுரம் கண்ணம்மூலையில் பிறந்தவர். பள்ளிக்கூடம் போக வசதியில்லாத ஏழைக் குடும்பம். பள்ளிக்குப் போகும் பிள்ளைகளிடம் கேட்டும், பக்கத்து வீட்டில் நடந்த பாடத்தை மறைந்து நின்று கேட்டும் எழுத்துக் கற்றார் என்று அவர் வாழ்க்கை வரலாறு சொல்கிறது. பிறகு பேட்டையில் ராமன் பிள்ளை ஆசான் சம்பளம் வாங்காமல் சேர்த்துக்கொண்டார். அங்கே இவரைச் சட்டம்பி ஆக்கினார். அந்தப் பெயர் கடைசி வரை ஒட்டிக்கொண்டது. வீட்டுக் கஷ்டத்துக்காகக் கூலி வேலையும் செய்தார். இன்று திருவனந்தபுரத்தில் போராட்டம் நடக்காத நாளே இல்லாத அந்த வெள்ளைத் தலைமைச் செயலகக் கட்டடம் 1865 முதல் 1869 வரை கட்டப்பட்டது. அதற்குத் தலையில் பொருள் சுமந்தவர்களில் இவரும் ஒருவர். பிறகு அதே செயலகத்தில் கொஞ்ச காலம் குமாஸ்தாவாகவும் இருந்தார்.

தமிழ் படித்தது சுவாமிநாத தேசிகர் என்ற தமிழறிஞரிடம். கல்லிடைக்குறிச்சி சுப்பா ஜடாபாடிகள் வீட்டில் சில ஆண்டுகள் தங்கிச் சாஸ்திரங்கள் படித்தார். பேட்டையில் 1876இல் தொடங்கிய ஞானப் பிரஜாகரம் என்ற சபையில் 'மனோன்மணீயம்' எழுதிய பேராசிரியர் சுந்தரம் பிள்ளை, தைக்காடு அய்யாவு சுவாமிகள் போன்றவர்கள் பேசுவதைக் கேட்டார். 1924இல் பன்மனையில் மறைந்தபோது கேரளத்தின் பெரிய சீர்திருத்தக்காரர்களில் ஒருவராக மதிக்கப்பட்டார். வேதம் படிக்க எல்லோருக்கும் உரிமை உண்டு என்று ஒரு நூலே எழுதியவர்.

இவர் கையில் என்ன கருவி இருந்தது என்று பார்த்தால் மணல், கடன் வாங்கிய சுவடி, அடுத்தவர் பேச்சு. இவ்வளவுதான். ஆனால் இடமும் ஆளும் மாறிக்கொண்டே இருந்தாலும் "இன்று என்ன படித்தாய்?" என்று கேட்க எப்போதும் ஒருவர் இருந்தார். சட்டம்பி ஆன பிறகு அந்தக் கேள்வியை அவரே மற்றவர்களிடம் கேட்க வேண்டி வந்தது. அடுத்தவனைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை விட நல்ல அலாரம் எதுவும் இல்லை!

ஓலை

மறக்காத கருவிக்கு உதாரணம் தேடி வெகுதூரம் போக வேண்டாம். பத்மநாப சுவாமி கோயிலின் மதிலகம் ஆவணங்கள் இருக்கின்றன. கோயிலில் நடந்தது, வந்தது, செலவானது எல்லாம் பல நூற்றாண்டுகளாகப் பனை ஓலையில் கீறப்பட்டு, சுருணைகளாகச் சுருட்டி வைக்கப்பட்டிருக்கின்றன. ஆயிரக்கணக்கான சுருணைகள். எழுதிய கணக்குப்பிள்ளைகள் யாரும் சரித்திரம் எழுதுகிறோம் என்று நினைத்திருக்க மாட்டார்கள். அன்றைய அரிசி, அன்றைய எண்ணெய், அவ்வளவுதான். ஆனால் ராஜாக்களைப் பற்றிய பல விவரங்கள் நமக்கு அந்த அரிசிக் கணக்கிலிருந்துதான் கிடைக்கின்றன. 2022 டிசம்பரில் கோட்டைப் பகுதியில் உள்ள மத்திய ஆவணக் காப்பகத்தில் ஓலைச்சுவடி அருங்காட்சியகம் ஒன்றைத் திறந்திருக்கிறார்கள். ஊருக்குப் போனால் குழந்தைகளைக் கூட்டிப் போங்கள். பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போகும் வழியில் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும்.

குன்றின்மேல் மணிக்கூடு

எழுத்தாணியின் வேலையைக் கடிகாரத்தோடு சேர்த்துச் செய்த இடம் பாளையம் பக்கத்தில் ஒரு குன்றின்மேல் இருக்கிறது. திருவனந்தபுரம் வானியல் ஆய்வு மாடம். பாட்டுக்குப் பேர்போன சுவாதி திருநாள் மகாராஜா (ஆட்சி 1829 முதல் 1846 வரை) 1837இல் உண்டாக்கியது. பொறுப்பேற்றவர் ஜான் கால்டெகாட். ஆலப்புழையில் திருவிதாங்கூர் அரசின் வணிக முகவராக இருந்தவர். மிளகு வியாபாரம் பார்த்துக்கொண்டே நட்சத்திரம் பார்த்த மனிதர்.

அந்தச் சமயத்தில் உலகம் முழுவதும் ஒரு பெரிய கூட்டு முயற்சி நடந்துகொண்டிருந்தது. பூமியின் காந்தம் நிமிடத்துக்கு நிமிடம் எப்படி அசைகிறது என்று பல நாடுகளில் ஒரே சமயத்தில் பார்ப்பது. ஜெர்மனியில் கெட்டிங்கன் நகரில் காவுஸும் வெபரும் தொடங்கி வைத்தது. குறித்து வைத்த நாட்களில் 24 மணி நேரமும் சில நிமிடங்களுக்கு ஒருமுறை எல்லா ஊரிலும் அளவெடுக்க வேண்டும். எந்த ஊர் நேரப்படி? கெட்டிங்கன் நேரப்படி. திருவனந்தபுரத்தில் இதற்கான காந்த ஆய்வு வசதி 1841இல் வந்தது. அங்கே நண்பகல் என்றால் எங்கள் ஊரில் சூரியக் கணக்குப்படி மாலை 4 மணி 28 நிமிடம். "ஊர்ல இப்ப மணி என்ன இருக்கும்?" என்று விரல் விட்டு எண்ணுகிற நம் வியாதி எங்கள் ஊர்க் குன்றின்மேல் அப்போதே வந்துவிட்டது :-)

கால்டெகாட் 1849இல் இறந்த பிறகு 1852இல் ஜான் ஆலன் பிரௌன் வந்தார். ஸ்காட்லாந்தில் மேக்கர்ஸ்டௌன் ஆய்வு மாடத்தில் இதே வேலை பார்த்துப் பழகியவர். 1865 வரை இங்கே இருந்தார். 1855இல் அகத்தியமலை உச்சியில், சுமார் 6200 அடி உயரத்தில், இன்னொரு ஆய்வு மாடம் கட்டினார். யானையும் அட்டையும் மழையும் நிறைந்த காடு. நம் இலக்கணத்துக்கு முதல் ஆசிரியர் என்று தமிழ் மரபு சொல்லும் அகத்தியர் இருக்கும் மலையில், மணிக்கு மணி ஒரு ஊசியின் அசைவைப் பார்த்து எழுதிக்கொண்டு ஆட்கள் இருந்தார்கள்.

இந்த 'மணிக்கு மணி' என்பதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கருவியை மணிக்கு ஒரு முறை பார்த்தால் வருஷத்துக்கு 8760 தடவை. அதில் பாதி, ஊர் தூங்கும் நேரம். இதை ஒரு ஆள் தனியாகச் செய்ய முடியாது. முறை வைத்து, ஒருவர் விட்ட இடத்தில் இன்னொருவர் தொடர்ந்தால்தான் நடக்கும். இரவு 3 மணிக் கட்டம் காலியாக இருந்தால் 4 மணிக்கு வருபவர் கண்ணில் முதலில் படுவது அதுதான். பிறகு உட்கார்ந்து நிரப்பவும் முடியாது. அந்த 3 மணி திரும்பி வராது. அந்தத் தாளின் பலம் அதன் கோடுகளில்தான் இருந்தது. ஒவ்வொரு மணிக்கும் ஒரு கட்டம். விட்டது விட்டதாகத் தெரியும். அதே சமயம் ஒரு காலிக் கட்டத்துக்காக மீதி 8759ஐ யாரும் தூக்கிப் போடுவதில்லை. அடுத்த கட்டத்தில் எழுத வேண்டியதுதான்.

இதனால் என்ன கிடைத்தது? ஒரு நாள் அளவை வைத்து ஒன்றுமே சொல்ல முடியாது. ஒரு மாதம் இருந்தாலும் சந்தேகம்தான். வருஷக்கணக்கில் சேர்ந்த பிறகு பிரௌனுக்கு ஒன்று தெரிந்தது. பூமியின் காந்தத்தில் சுமார் 26 நாளுக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப ஒரு ஏற்ற இறக்கம் வருகிறது. அது சூரியன் தன்னைத்தானே சுற்றும் காலத்தோடு ஒத்துப்போகிறது. சூரியனில் நடப்பதற்கும் நம் கையில் உள்ள திசைகாட்டி முள்ளுக்கும் உறவு இருக்கிறது என்பதற்கான ஆரம்பச் சான்றுகளில் இதுவும் ஒன்று. அவருடைய திருவனந்தபுரம், அகத்தியமலை அளவுகளின் தொகுப்பு 1874இல் லண்டனில் வெளிவந்தது. முகப்பில் பிரௌன் பெயர். உள்ளே இருக்கும் எண்கள், நடுராத்திரியில் விளக்கைப் பிடித்துக்கொண்டு முள்ளைப் பார்த்த நம் ஊர் உதவியாளர்களின் தூக்கம்.

எங்கள் ஊர் பூமியின் காந்த நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால்தான் இந்த அளவுகளுக்கு மதிப்பு. அதே காரணத்துக்காகத்தான் நூறு வருஷம் கழித்துப் பக்கத்துத் தும்பாவைத் தேர்ந்தெடுத்து 1963 நவம்பர் 21 அன்று முதல் ராக்கெட்டை விட்டார்கள். சைக்கிளில் ராக்கெட் பாகத்தைக் கொண்டுபோகும் அந்தப் புகழ்பெற்ற படம் அங்கே எடுத்ததுதான்.

குன்றின்மேல் இருந்த நேரம் கீழே ஊருக்கும் இறங்கியது. கோயிலுக்கு எதிரே மேத்தன் மணி என்று ஒரு மணிக்கூடு உண்டு. மணி அடிக்கும்போது தாடிக்கார முகம் ஒன்று வாயைத் திறக்கும், இரண்டு பக்கமும் ஆட்டுக்கிடாக்கள் வந்து கன்னத்தில் முட்டும். சின்ன வயதில் இதற்காகவே அப்பா கையைப் பிடித்துக்கொண்டு காத்து நின்றிருக்கிறேன். நேரத்தை எல்லோரும் பார்க்கிற இடத்தில் வைத்ததுதான் அதில் பெரிய விஷயம். தனியாக ஒருவன் சட்டைப்பையில் இருக்கும் நேரத்தை அவன் ஏமாற்றலாம். தெருவுக்கே தெரிந்த நேரத்தை ஏமாற்ற முடியாது.

சாலைத் தெரு

இப்போது நம் கதைக்கு மிகவும் பக்கத்தில் வரும் ஒருவர். எழுத்தாளர் ஆ. மாதவன். 1934இல் திருவனந்தபுரத்தில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தார். பள்ளிப்படிப்பு மலையாளத்தில். தமிழைத் தானாகவே படித்துக்கொண்டவர். திராவிட இயக்கப் பத்திரிகைகளில் எழுதத் தொடங்கினார். பிழைப்புக்குச் சாலைத் தெருவில் பாத்திரக் கடை. கடை வாசலில் பார்த்த சுமை தூக்குபவர்கள், தரகர்கள், அன்றாடம்காய்ச்சிகள்தான் அவருடைய கடைத்தெருக் கதைகளின் மனிதர்கள். 'புனலும் மணலும்', 'கிருஷ்ணப் பருந்து' நாவல்கள் வந்தன. 2015இல் சாகித்திய அகாதெமி விருது. 2021 ஜனவரியில் காலமானார்.

நகுலன் அதே ஊரில் ஆங்கிலப் பேராசிரியர். நீல பத்மநாபன் மின்வாரியத்தில் பொறியாளர். இவர்களில் யாருக்கும் தமிழ் சோறு போடவில்லை, ஊரும் தமிழ் பேசச் சொல்லிக் கட்டாயப்படுத்தவில்லை. பகலில் வேறு வேலை, தெருவில் வேறு மொழி. ஆனாலும் தமிழில் நிலைக்கும் புத்தகங்கள் எழுதினார்கள். "இங்க எல்லாரும் இங்கிலீஷ்தான் பேசறாங்க, எப்படிங்க தமிழ் நிக்கும்?" என்று கேட்கும் நண்பர்களுக்கு நான் சாலைத் தெருவைத்தான் காட்டுகிறேன்.

எங்கள் வீட்டுக் கணக்கு

முதலில் பின்னால் சொல்கிறேன் என்றேனே, அந்தக் காரணம் இதுதான். கரமனையில் இருக்கும் என் அம்மாவுக்குக் காது கேட்பது வரவரக் குறைந்துவிட்டது. போனில் என் மகள் "ஆச்சி, சாப்ட்டீங்களா?" என்றால் "என்ன மக்கா? என்ன?" என்று மூன்று தடவை கேட்டுவிட்டுக் கடைசியில் புரிந்த மாதிரி சிரிப்பாள். வீடியோவில் முகம் தெரிகிறது, பேச்சு போய்ச் சேருவதில்லை. கண் மட்டும் நன்றாக இருக்கிறது. செய்தித்தாளை விளம்பரம் விடாமல் படிப்பாள். ஆகவே பேத்திக்கும் ஆச்சிக்கும் நடுவே இனி ஒரே வழி எழுத்துதான். ஆச்சிக்கு இங்கிலீஷ் தெரியாது. ஒன்பது வயது மகளுக்குத் தமிழ் எழுத வராது. எங்களுக்கு வருஷக்கணக்கில் நேரமும் இல்லை.

ஒரு செயலியில்தான் ஆரம்பித்தோம். நாற்பத்தோரு நாள் தொடர்ந்து செய்தாள், திரையில் நெருப்புப் படமெல்லாம் வந்தது. நாற்பத்திரண்டாவது நாள் காய்ச்சல். எண் பூஜ்யத்துக்குப் போனது. "எல்லாம் போச்சு" என்று அழுதவள் அதற்குப் பிறகு அதைத் திறக்கவே இல்லை. கோளாறு எங்கே என்று அப்போதுதான் உறைத்தது. அந்தக் கருவி தவறை ஞாபகம் வைத்துக்கொண்டது, செய்த வேலையை மறந்துவிட்டது. மணலும் ஓலையும் தலைகீழ்.

பிறகு எங்கள் ஊர் வழிக்கு வந்தோம். சமையலறை மேடையில், பால் டம்ளர் வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு தட்டு. காலையில் பள்ளி பஸ் வருவதற்கு முன் பத்து நிமிடம் விரலால் எழுத்து. எப்படி எழுதினாலும் யாரும் திருத்துவதில்லை, அவளே அழித்து அவளே எழுதுகிறாள். நேரம் மட்டும் மாறாது. அடுத்து, இந்தியக் கடையில் தினம் கிழிக்கும் காலண்டர் ஒன்று வாங்கினோம். காலையில் தாளைக் கிழித்து அதில் இருப்பதைச் சத்தமாகப் படிக்க வேண்டும். ராகு காலம், எமகண்டம், சூலம் எல்லாம் இப்போது அவளுக்கு அத்துப்படி. பள்ளியில் யாராவது செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கு மேல் பரீட்சை வைத்தால் ஆட்சேபிப்பாள் போலிருக்கிறது. நான் தமிழ் படித்ததும் ஆச்சி வீட்டுக் காலண்டர் தாளில்தான்.

மறக்கக் கூடாத கருவி ஒரு கோடு போட்ட நோட்டு. ஞாயிற்றுக்கிழமை தோறும் ஆச்சிக்கு ஒரு கடிதம். முதலில் இரண்டு வரி. இடது பக்கத்தில் அவள் எழுதியதை வைத்துக்கொண்டு, நகல் எடுத்துத் தபாலில் அனுப்புகிறோம். ஆச்சி வாட்ஸ்அப்பில் படம் பிடித்து அனுப்பும் பதில் கடிதத்தை அச்செடுத்து வலது பக்கம் ஒட்டுகிறோம். ஒரு வாரம் விட்டுப்போனால் பக்கம் காலியாக இருக்கும், அடுத்த வாரம் அடுத்த பக்கம். ஆச்சிதான் சட்டாம்பிள்ளை. தாமதமானால் "தபால்காரன் வந்தான், கையை வீசிட்டுப் போறான்" என்று ஒரு வரி வரும். அந்த ஒரு வரிக்கு நாற்பது அலாரம் ஈடாகாது.

எப்போது முடியும் என்று எனக்குத் தெரிந்த கணக்கு ஒன்றுதான். ஆச்சிக்கு வயது எண்பத்தொன்று. இதற்கு மேல் அதைப் பற்றி எழுத விரும்பவில்லை. நோட்டில் இதுவரை முப்பத்தாறு பக்கம் நிறைந்திருக்கிறது, ஐந்து பக்கம் காலி.

உங்கள் வீட்டில் அது தமிழாக இருக்க வேண்டும் என்பதில்லை. வீணையாக இருக்கலாம், நடைப்பயிற்சியாக இருக்கலாம், சர்க்கரை அளவு பார்ப்பதாக இருக்கலாம். புதிதாக எதையும் வாங்கும் முன் ஒன்றைப் பாருங்கள். தடுமாற இடம் தருகிற ஒரு பொருள், செய்ததை அழிக்காத ஒரு தாள், மாறாத ஒரு நேரம், காத்திருக்கும் ஒரு ஆள். இதில் முதல் மூன்றும் காசுக்குக் கிடைக்கும். நான்காவதை மட்டும் நாம்தான் ஊரில் தேட வேண்டும். பெரும்பாலும் அங்கே ஒருவர் ஏற்கெனவே காத்துக்கொண்டுதான் இருக்கிறார்.

"எல்லாம் சரி, பனி கொட்டுற ஊர்ல மணலுக்கு எங்கே போறது?" என்று கேட்பீர்கள். ரவை போதும். தட்டில் கால் அங்குலம் பரப்புங்கள், வறுக்க வேண்டாம். உப்புமா பிடிக்காத வீடுகளில் ரவைக்கு இப்படியாவது ஒரு மரியாதை கிடைக்கட்டும்.